மேட்ஸ் மிக்கெல்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஹானிபல்' தொடரைப் பார்த்து முடித்தவர்கள், 'கேசினோ ராயல்' வில்லனை மறக்க முடியாதவர்கள், ஒரு டேனிஷ் படத்தைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு "யார் இவர்?" என்று தேட ஆரம்பித்தவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். ஓரிரு பதில்களில் கதையின் முடிவு வெளிப்படும். அங்கெல்லாம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

யாருங்க இவர்? ஜேம்ஸ் பாண்ட் படத்துல சீட்டாடும்போது கண்ணுல ரத்தம் வருமே, அந்த ஆளா?

அவரேதான். 2006இல் வந்த 'கேசினோ ராயல்' படத்தின் வில்லன் லெ ஷிஃப்ர். டென்மார்க் நடிகர். 1965 நவம்பர் 22ஆம் தேதி கோபன்ஹேகனில் பிறந்தவர். அம்மா நர்ஸ், அப்பா வங்கி ஊழியர். வளர்ந்தது நோர்ப்ரோ என்ற உழைக்கும் மக்கள் பகுதியில்.

அவருடைய பெயரை டென்மார்க்காரர்கள் சொல்லும்போது நடுவில் 'ட்' ஒலிக்காது. ஆனால் தமிழில் எல்லாரும் மேட்ஸ் என்றுதான் எழுதுகிறார்கள், நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

சினிமாக் குடும்பமா? சின்ன வயசுலயே நடிக்க வந்துட்டாரா?

இல்லை. ரொம்பத் தாமதமாக வந்தவர். சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினார். அதைப் பார்த்து நடனத்துக்கு இழுத்தார்கள். ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரில் பாலே கற்றுக்கொண்டு, பத்தாண்டுக்குப் பக்கமாகத் தொழில்முறை நடனக் கலைஞராகவே பிழைத்தார். மனைவி ஹன்னே யாகோப்சன் நடன அமைப்பாளர். இருவரும் அந்த உலகத்தில்தான் சந்தித்தார்கள்.

அப்புறம்தான் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்து நாடகப் பள்ளியில் சேர்ந்தார். 1996இல் படிப்பை முடித்தபோது வயது முப்பது. அந்த வயதில் பல நடிகர்கள் மார்க்கெட் போய் ஓய்ந்திருப்பார்கள்.

நடனம் வீணாகவில்லை. இவர் நாற்காலியில் உட்காரும் விதத்தை, கோட்டைக் கழற்றும் விதத்தை, கத்தியைப் பிடிக்கும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். எந்த அசைவும் தேவைக்கு மேல் போகாது. முகத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாமலேயே பயமுறுத்த முடிகிறது என்றால், அதில் பாதி வேலை முதுகும் தோளும் செய்வது.

முதல் படத்துலயே ஹீரோவா?

இல்லை, ஹீரோவின் எடுபிடி. படம் 'புஷர்' (1996). நிக்கலஸ் விண்டிங் ரெஃப்ன் இயக்கிய முதல் படமும் அதுதான். கோபன்ஹேகனில் போதைப்பொருள் விற்கும் ஃபிராங்க் என்பவனின் ஒரு வாரத்துக் கதை. ஃபிராங்காக நடித்தவர் கிம் பொட்னியா. மேட்ஸ் அவனுடைய கூட்டாளி டோனி. மொட்டைத்தலை, ஓயாத வாய், கொஞ்சமும் மூளை கிடையாது. ஒரு கட்டத்தில் ஃபிராங்க் பேஸ்பால் மட்டையால் அடித்து நொறுக்குவான். அதோடு டோனி படத்திலிருந்து காணாமல் போய்விடுவான்.

எட்டு வருடம் கழித்து 2004இல் 'புஷர் 2' வந்தபோது அதே டோனிதான் கதாநாயகன். சிறையிலிருந்து வெளியே வருகிறான். அப்பா பெரிய ரவுடி, மகனை மனிதனாகவே மதிப்பதில்லை. டோனியின் பின்மண்டையில் 'மரியாதை' என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் பச்சை குத்தியிருக்கும். படம் முழுக்க அவனுக்குக் கிடைக்காத ஒரே பொருள் அதுதான். இந்தப் படத்துக்காக டென்மார்க் விமர்சகர்கள் தரும் போடில் விருதைச் சிறந்த நடிகராக வாங்கினார். என்னைக் கேட்டால், 'ஹானிபல்' பார்த்தவர்கள் உடனே பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டிலும் இருப்பது ஒரே ஆள் என்று நம்பவே முடியாது.

டென்மார்க்குல பேர் வாங்கிக் கொடுத்தது சினிமாவா, டிவியா?

டிவிதான். 2000 முதல் 2004 வரை டேனிஷ் பொது ஒளிபரப்பு நிறுவனமான டிஆர்-இல் வந்த போலீஸ் தொடர், 'ரேய்சஹோல்டெட்'. ஆங்கிலத்தில் 'யூனிட் ஒன்' என்ற பெயரில் கிடைக்கும். உள்ளூர் போலீசால் முடிக்க முடியாத கொலை வழக்குகளுக்காக நாடு முழுக்கச் சுற்றும் ஒரு குழுவின் கதை. அதில் ஆலன் ஃபிஷர் என்ற துப்பறிவாளராக வந்தார். மொத்தம் 32 பாகங்கள். 2002இல் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி விருது இதற்குக் கிடைத்தது.

'புஷர்' டோனியை நகரத்து இளைஞர்களுக்குத்தான் தெரியும். ஃபிஷரை டென்மார்க் முழுக்கத் தாத்தா பாட்டிக்கும் தெரியும். பிற்காலத்தில் 'தி கில்லிங்', 'போர்கன்' என்று உலகம் சுற்றிய டேனிஷ் தொடர்களும் இதே டிஆர்-இல் இருந்து வந்தவைதான்.

டேனிஷ் படம் எதை எடுத்தாலும் அதே நாலஞ்சு முகம்தானே வருது? அங்க வேற ஆளே கிடையாதா?

நாட்டின் மக்கள்தொகையே அறுபது லட்சத்தை ஒட்டித்தான். டேனிஷ் மொழிப் படத்துக்கு வெளிச்சந்தை கிடையாது. டேனிஷ் திரைப்பட நிறுவனத்தின் அரசு மானியம் இல்லாமல் பெரும்பாலான படங்கள் எழவே எழாது. வருடத்துக்கு எடுக்கும் படங்களும் கொஞ்சம்தான். அதனால் ஓர் இயக்குநரும் ஒரு நடிகரும் சேர்ந்துவிட்டால் இருபது முப்பது வருடம் சேர்ந்தே போகிறார்கள். நல்ல எழுத்தாளர் ஒருவரே நாலு இயக்குநருக்கு எழுதுகிறார்.

இதற்கு நல்ல உதாரணம் ஆண்டர்ஸ் தாமஸ் யென்சன். 'ஃபிளிக்கரிங் லைட்ஸ்' (2000), 'தி க்ரீன் புச்சர்ஸ்' (2003), 'ஆடம்ஸ் ஆப்பிள்ஸ்' (2005), 'மென் அண்ட் சிக்கன்' (2015), 'ரைடர்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்' (2020), 'தி லாஸ்ட் வைக்கிங்' (2025) என்று அவர் இயக்கிய முழுநீளப் படங்கள் அத்தனையிலும் மேட்ஸ் இருக்கிறார், நிகோலாய் லீ கோஸும் இருக்கிறார். இதே யென்சன்தான் சுசான் பியர் என்ற பெண் இயக்குநருக்குக் கதை எழுதிக் கொடுத்தார், அதிலும் மேட்ஸ். நம் ஊரில் ஒரே கூட்டணியின் ஆறாவது படம் என்றால் ரசிகர்களுக்கே சலிப்புத் தட்டிவிடும். யென்சன் படங்களில் அது நடக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் மேட்ஸை இதற்கு முன் பார்த்ததைவிட அசிங்கமாக, அசட்டுத்தனமாக மாற்றிவிடுகிறார்.

அசட்டுத்தனமா? நம்ம ஹானிபலா?

ஆமாம். 'தி க்ரீன் புச்சர்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வென்ட் என்ற கசாப்புக் கடைக்காரர். நெற்றி பாதி மண்டை வரைக்கும் ஏறியிருக்கும். எப்போதும் வியர்த்துக் கொட்டும். யாராவது மதித்து ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்று ஏங்கும் பிறவி. நண்பனோடு புதிதாகக் கடை திறக்கிறார், வியாபாரம் ஓடவில்லை. கடையில் வேலை பார்க்க வந்த எலக்ட்ரீஷியனைக் குளிரறைக்குள் தெரியாமல் வைத்துப் பூட்டிவிட, அவர் விறைத்துச் செத்துப்போகிறார். பதற்றத்தில் ஸ்வென்ட் செய்யும் காரியம், அந்த இறைச்சியை மசாலாவில் ஊறவைத்து விற்றுவிடுவது. மறுநாளிலிருந்து வாசலில் க்யூ.

கவனித்தீர்களா? 'ஹானிபல்' தொடங்குவதற்குப் பத்து வருடம் முன்பே மனித இறைச்சி பரிமாறிய கை இது. ஆனால் அங்கே பயமில்லை, சிரிப்பும் பரிதாபமும்தான். 'ஆடம்ஸ் ஆப்பிள்ஸ்' படத்தில் அரைக்கால் சட்டை போட்ட கிராமத்துப் பாதிரியார். உலகத்தில் கெட்டதே கிடையாது என்று அடம்பிடிப்பார். அவரைத் திருத்தவே முடியாது என்று கோபத்தில் ஒரு நாஜி ஆதரவாளன் அடித்து முகத்தைப் பெயர்த்தாலும், அடி விழுந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். 'தி லாஸ்ட் வைக்கிங்'கில் தன்னை ஜான் லெனன் என்று நம்பும் ஆள்.

டாக்மா படம்னு சொல்றாங்களே, அதுலயும் நடிச்சிருக்காராமே?

ஒன்று நடித்திருக்கிறார். 1995இல் லார்ஸ் ஃபான் ட்ரியர், தாமஸ் வின்டர்பெர்க் என்ற இரண்டு டேனிஷ் இயக்குநர்கள் சில கட்டுப்பாடுகளை எழுதி வெளியிட்டார்கள். செட் போடக் கூடாது, நிஜ இடத்தில்தான் எடுக்க வேண்டும். கேமரா கையில் இருக்க வேண்டும். தனி விளக்கு கூடாது. பின்னணி இசையைப் பிறகு சேர்க்கக் கூடாது. இயக்குநர் பெயரே போடக் கூடாது. இதுதான் டாக்மா 95.

அந்த விதிப்படி சுசான் பியர் எடுத்தது 'ஓப்பன் ஹார்ட்ஸ்' (2002). ஒரு பெண் ஓட்டிய கார் மோதி ஓர் இளைஞன் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோகிறான். அந்தப் பெண்ணின் கணவர் அதே மருத்துவமனையில் டாக்டர். அடிபட்டவனுக்கு நிச்சயமான பெண்ணுக்கு ஆறுதல் சொல்லப் போய், அவள்மீதே காதலாகிறார். அந்த டாக்டர்தான் மேட்ஸ். விளக்கில்லை, மேக்கப் இல்லை, அழவைக்க வயலினும் இல்லை. மறைந்துகொள்ள இடமே இல்லாத படம். நடிகராக அவரை எடைபோட வேண்டும் என்றால் இதில் போடலாம்.

ஹாலிவுட்டுக்கு எப்படிப் போனார்?

முதலில் 2004இல் 'கிங் ஆர்தர்'. பருந்து வளர்க்கும் டிரிஸ்டன் என்ற வீரன், வசனம் சொற்பம். அடுத்து 'கேசினோ ராயல்'. டேனியல் கிரெய்க்குக்கு அது முதல் பாண்ட் படம், ஊரே அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரம். லெ ஷிஃப்ர் உலகை அழிக்கத் திட்டமிடும் ஆள் இல்லை. பயங்கரவாதிகளின் பணத்தைச் சூதாட்டம் மாதிரி பங்குச்சந்தையில் போட்டுத் தோற்றுவிட்டு, உயிர் பிழைக்க அதைச் சீட்டாடி மீட்க வந்தவன். கையில் ஆஸ்துமா இன்ஹேலர். பாண்டை நாற்காலியில் கட்டிவைத்து முடிச்சுப் போட்ட கயிற்றால் அடிக்கும் காட்சியில் பாருங்கள், அடிப்பவன் முகத்தில்தான் பயம் அதிகம். அந்தப் பதற்றம்தான் அவனை மற்ற பாண்ட் வில்லன்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

அதே 2006இல் டென்மார்க்கில் சுசான் பியர் இயக்கிய 'ஆஃப்டர் தி வெடிங்' வெளியானது. இந்தியாவில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்தும் ஒருவர், நன்கொடை கேட்டுக் கோபன்ஹேகனுக்குப் போன இடத்தில் தன் பழைய வாழ்க்கையோடு மோதும் கதை. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஒரே வருடத்தில் வெளியூரில் வில்லன், சொந்த ஊரில் குழந்தைகளுக்காக அலையும் மனிதர். அவருடைய மொத்தப் பயணமும் இந்த இரட்டைத் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது.

ஏன் எப்பவும் வில்லனாவே நடிக்கிறார்?

முந்தைய மூன்று பதில்களைப் படித்திருந்தால் இந்தக் கேள்வி வராது. சொந்த மொழியில் அவர் டாக்டர், பாதிரியார், ஆசிரியர், போலீஸ். வில்லன் என்பது ஆங்கிலப் படங்கள் அவருக்குக் கொடுத்த வேலை. ஐரோப்பிய உச்சரிப்போடு ஒருவர் ஆங்கிலம் பேசினால் ஹாலிவுட்டுக்கு உடனே ஞாபகம் வருவது இரண்டுதான்: விஞ்ஞானி, இல்லாவிட்டால் வில்லன். 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டயல் ஆஃப் டெஸ்டினி'யில் (2023) இரண்டையும் ஒன்றாகக் கட்டி நாஜி விஞ்ஞானி ஆக்கிவிட்டார்கள். 'ரோக் ஒன்' (2016) ஒரு விதிவிலக்கு. அதில் கட்டாயப்படுத்தி ஆயுதம் செய்யவைக்கப்பட்ட, மகளைப் பிரிந்த விஞ்ஞானி.

வீணடிக்கிறார்களா என்று கேட்டால், சில இடங்களில் ஆமாம். 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' (2016) படத்தின் கேசிலியஸைக் கண்ணைச் சுற்றியிருந்த மேக்கப்பைத் தவிர யாருக்கும் நினைவிருக்காது. 'தி த்ரீ மஸ்கடியர்ஸ்' (2011) இன்னும் மோசம், ஒற்றைக் கண்ணில் கட்டுப் போட்டு நிறுத்தியதோடு சரி.

ஹானிபல் லெக்டரை ஆந்தனி ஹாப்கின்ஸ் அப்படிப் பண்ணின பிறகு, எந்தத் தைரியத்துல இவர் ஒத்துக்கிட்டார்?

'சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தில் ஹாப்கின்ஸ் செய்த, மனிதர்களைக் கொன்று தின்னும் லெக்டர் பெரும்பாலும் கூண்டுக்குள் இருப்பவர், எல்லாருக்கும் அவர் யார் என்று தெரியும். பிரையன் ஃபுல்லர் உருவாக்கிய தொடரில் (2013 முதல் 2015 வரை, என்பிசி தொலைக்காட்சி) அவர் இன்னும் பிடிபடவில்லை. பால்டிமோரில் மரியாதைக்குரிய மனநல மருத்துவர். எஃப்பிஐ ஆட்களையே வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கிறார். அதனால் கண்ணை உருட்டினாலே காட்டிக்கொடுத்துவிடும். மேட்ஸ் எல்லாவற்றையும் குறைத்தார். கட்டம்போட்ட த்ரீ பீஸ் சூட், கொஞ்சம் சாய்ந்த தலை, அவ்வளவுதான். லெக்டரை மனநோயாளியாகப் பார்க்காமல், மனிதர்களைப் பார்த்து வியக்கும் சாத்தானாகவே யோசித்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உச்சரிப்பும் கைகொடுத்தது. நாவலிலேயே லெக்டர் லிதுவேனியாவில் பிறந்தவர்தானே.

சாப்பாட்டுக் காட்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படப்பிடிப்பு நடந்தது கனடாவின் டொரன்டோவில். தட்டுகளை வடிவமைத்தவர் ஜானிஸ் பூன் என்ற உணவு அலங்காரக் கலைஞர். பாகங்களின் பெயரே விருந்து வரிசைதான்: முதல் பருவத்தில் பிரெஞ்சு, இரண்டாவதில் ஜப்பானியம், மூன்றாவதின் முதல் பாதியில் இத்தாலியம். மேட்ஸ் வெங்காயம் நறுக்குவதும் ஈரலைத் திருப்பிப் போடுவதும் நடன அசைவு மாதிரியே இருக்கும். பார்க்கிறவருக்குப் பசிக்கும், அடுத்த நொடி எதைப் பார்த்துப் பசித்தது என்று நினைத்து வயிற்றைப் புரட்டும். தொடரின் வெற்றி இந்த அரை நொடியில்தான் இருக்கிறது.

அப்புறம் ஏன் நிறுத்திட்டாங்க? நாலாவது சீசன் வருமா?

பார்வையாளர் எண்ணிக்கை போதவில்லை. மூன்று பருவம், 39 பாகங்களோடு 2015இல் என்பிசி நிறுத்திவிட்டது. ரசிகர்கள் வெறித்தனமாக இருந்தார்கள், ஆனால் எண்ணிக்கையில் குறைவு. அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியில் இவ்வளவு ரத்தம் மூன்று வருடம் ஓடியதே ஆச்சரியம்.

நாலாவது பருவத்துக்குத் தயார் என்று மேட்ஸ், தொடரின் இன்னொரு நாயகன் ஹியூ டான்சி, ஃபுல்லர் மூவருமே பல தடவை சொல்லியிருக்கிறார்கள். உரிமைச் சிக்கலும் உண்டு: கிளாரிஸ் ஸ்டார்லிங் முதலான 'சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' பாத்திரங்கள் வேறு நிறுவனத்திடம் இருந்தன, அதனால்தான் தொடரில் கிளாரிஸ் வரவேயில்லை. இதற்கிடையில் ஃபுல்லரும் மேட்ஸும் 'டஸ்ட் பன்னி' (2025) படத்தில் மறுபடி சேர்ந்துவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பூதத்தைக் கொல்ல, பக்கத்து வீட்டுக் கொலைகாரரை ஒரு சிறுமி வேலைக்கு வைக்கும் கதை.

ஷெர்லாக்ல வர்ற மேக்னஸன் இவர்தானே?

இல்லை, அது அண்ணன் லார்ஸ் மிக்கெல்சன். மேட்ஸைவிட ஒன்றரை வயது பெரியவர். 'தி கில்லிங்' தொடரின் அரசியல்வாதி, 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் ரஷ்ய அதிபர், எல்லாம் அவர்தான். பாதிரியாராக நடித்த ஒரு டேனிஷ் தொடருக்காக 2018இல் சர்வதேச எம்மியும் வாங்கினார். குழப்பம் இன்னும் தீரவில்லை என்றால்: ஸ்டார் வார்ஸ் உலகத்தில் இருவருமே உண்டு. தம்பி 'ரோக் ஒன்'னில், அண்ணன் 'அசோகா'வில் நீலநிறத் தளபதி த்ரானாக.

கான் விழாவுல சிறந்த நடிகர் விருது எந்தப் படத்துக்கு? அப்படி என்ன பண்ணிட்டார்?

2012இல் 'தி ஹன்ட்'. இயக்கம் தாமஸ் வின்டர்பெர்க். லூகாஸ் என்ற பாலர்பள்ளி ஆசிரியர். நெருங்கிய நண்பனின் மகள், மனத்தாங்கலில், அவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக ஒரு பொய் சொல்லிவிடுகிறாள். சிறுமி பொய் சொல்ல மாட்டாள் என்று ஊர் நம்புகிறது. அவ்வளவுதான், ஒருவன் வாழ்க்கை முடிந்தது. லூகாஸ் குற்றமற்றவர் என்பது நமக்கு முதலிலிருந்தே தெரியும். அதனால் இது மர்மக்கதை ஆகவில்லை. ஓர் ஊர் எப்படி ஒரே வாரத்தில் மாறுகிறது என்பதுதான் கதை.

இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் சாமான் தர மறுத்து, அடித்து வெளியே தள்ளுகிறார்கள். லூகாஸ் திரும்ப உள்ளே போய், அடித்தவனைத் தலையால் ஒரே முட்டு முட்டிவிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே வெளியே வருகிறார். வீரம் கிடையாது, தன்மானம் மட்டும். அடுத்தது கிறிஸ்துமஸ் முந்தைய இரவு, தேவாலயம். அடிபட்ட முகத்தோடு ஊர்க்காரர்களுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்கிறார். முன்னால் குழந்தைகள் பாடுகிறார்கள். கழுத்தைத் திருப்பி, பின்னால் இருக்கும் நண்பனைப் பார்க்கிறார். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. கண்ணீர் நிற்கிறது, விழவில்லை. அந்தத் திரும்பல்தான் விருது என்று நான் சொல்வேன்.

அதே வருடம் 'எ ராயல் அஃபேர்' படமும் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் மனநலம் குன்றிய டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்டியனுக்கு மருத்துவராக வந்து, நாட்டையே ஆண்டு, அரசியைக் காதலித்து, 1772இல் தலை வெட்டப்பட்ட ஸ்ட்ரூயன்ஸே என்ற நிஜ மனிதரின் வேடம். இந்த இரண்டு படங்களுமே அடுத்தடுத்த வருடங்களில் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்குப் போயின.

'அனதர் ரவுண்ட்' படத்துக்கு இவருக்கு ஆஸ்கர் கிடைச்சுதுல்ல?

படத்துக்குக் கிடைத்தது, இவருக்கு இல்லை. 2021இல் சிறந்த சர்வதேசத் திரைப்படம். வின்டர்பெர்க்குக்குச் சிறந்த இயக்குநர் பரிந்துரையும் வந்தது. மேட்ஸ் இதுவரை நடிப்புக்காக ஆஸ்கர் பரிந்துரைகூடப் பெற்றதில்லை. ஆனால் இந்தப் படத்துக்காகவும், பிறகு 'தி ப்ராமிஸ்டு லேண்ட்' (2023) படத்துக்காகவும் சிறந்த நடிகருக்கான ஐரோப்பியத் திரைப்பட விருதை வாங்கியிருக்கிறார்.

படத்துக்குப் பின்னால் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. வின்டர்பெர்க்கின் 19 வயது மகள் ஈடா இதில் நடிப்பதாக இருந்தது. படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களில் கார் விபத்தில் இறந்துபோனார். சில காட்சிகளை எடுத்தது அவர் படித்த பள்ளியில், மாணவர்களில் அவருடைய வகுப்புத் தோழர்களும் உண்டு. படம் அவருக்கே சமர்ப்பணம்.

அது குடியை நியாயப்படுத்துற படம்தானே? நாலு வாத்தியார் குடிச்சுட்டு சந்தோஷமா ஆடுறாங்க!

(முடிவு வெளிப்படும்.) ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருந்தால் மனிதன் சரியாக இயங்குவான் என்ற கருத்தைச் சோதித்துப் பார்க்கும் நான்கு ஆசிரியர்களின் கதை. முதல் பாதியில் எல்லாம் நன்றாகத்தான் போகிறது, வகுப்பு களைகட்டுகிறது. இரண்டாம் பாதியில் குடும்பம் உடைகிறது, நால்வரில் ஒருவர் செத்தே போகிறார். இதைப் பார்த்துவிட்டு யாருக்காவது குடிக்கத் தோன்றினால் படம் பொறுப்பாகாது. அதே சமயம் "குடி குடியைக் கெடுக்கும்" என்று பாடம் எடுக்கும் படமும் இல்லை. பெரிய அளவில் குடிக்கும் ஒரு சமூகத்தை உள்ளிருந்து பார்க்கிறது, தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது.

நீங்கள் சொல்லும் ஆட்டம் கடைசிக் காட்சி. நண்பனைப் புதைத்த அன்றே, துறைமுகத்தில் பள்ளி முடித்த பிள்ளைகளின் கொண்டாட்டத்துக்கு நடுவில், நால்வரில் ஒருவரான மேட்ஸ் ஆடுகிறார். அது சந்தோஷமா, துக்கமா, மறுபடி வழுக்குகிறாரா என்பதை அந்த உடம்பு சொல்லவே சொல்லாது. இரண்டாவது கேள்வியில் சொன்ன நடனக்காரர், ஐம்பது வயதைத் தாண்டி முதல்முறையாகத் திரையில் முழுதாக வெளியே வருகிறார்.

ஜானி டெப் வேஷத்தை இவர் பறிச்சுட்டார்னு சண்டை போட்டாங்களே?

பறிக்கவில்லை. பிரிட்டனில் அவதூறு வழக்கில் தோற்றதும், 2020இல் தயாரிப்பு நிறுவனம் கேட்டுக்கொண்டதால் டெப் விலகினார். 'ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்' மூன்றாம் படத்தில் (2022) கிரின்டெல்வால்ட் என்ற மந்திரவாதி வில்லனாக மேட்ஸ் வந்தார். டெப் செய்ததைப் பிரதி எடுப்பது தற்கொலை என்று வெள்ளைமுடி, நிறம் மாறிய கண் இரண்டையும் விட்டுவிட்டுத் தன் பாணியில் செய்தார். படம் சுமார், அவர் சுமாரில்லை.

வசனமே இல்லாம ஒரு படம் பண்ணினாராமே?

'வால்ஹல்லா ரைசிங்' (2009). மீண்டும் ரெஃப்ன். ஒற்றைக் கண் அடிமை வீரன், ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லாருக்கும் பிடிக்காது, எனக்கே பாதியில் பொறுமை போனது. அதைவிட 'ஆர்க்டிக்' (2018) நல்லது. விமானம் விழுந்து பனிவெளியில் மாட்டிக்கொண்ட ஒருவர். ஐஸ்லாந்தில் எடுத்தார்கள். தன் வாழ்க்கையிலேயே கஷ்டமான படப்பிடிப்பு அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். மீன் பிடிக்கத் தூண்டில் போடுவது, கடிகாரத்தில் அலாரம் வைத்து நேரத்துக்கு நேரம் வேலையை மாற்றுவது, இதைத்தான் ஒருமணி நேரத்துக்கு மேல் பார்க்கிறோம். அலுக்கவில்லை.

வீடியோ கேம்லயும் வர்றாரே, அது குரல் மட்டும்தானா?

முகம், உடம்பு, குரல் மூன்றும். ஹிடியோ கொஜிமாவின் 'டெத் ஸ்ட்ராண்டிங்' (2019). அந்த வருட கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது அவருக்குத்தான்.

சரி, எங்க ஆரம்பிக்கிறது? டேனிஷ் படம்லாம் சப்டைட்டில் வெச்சுப் பாத்தா ஒட்டாதே?

'தி ஹன்ட்'டில் ஆரம்பியுங்கள். பிடித்தால் 'அனதர் ரவுண்ட்'. மனசு கனத்துப்போனால் நடுவில் 'ரைடர்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்'. மனைவியை ரயில் விபத்தில் இழந்த ராணுவ வீரர், கணக்குப் புலிகள் மூவரோடு சேர்ந்து பழிவாங்கக் கிளம்பும் கதை. சிரிக்கவும் முடியும். சரித்திரம் பிடிக்கும் என்றால் 'தி ப்ராமிஸ்டு லேண்ட்'. 1755இல் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியின் கட்டாந்தரையில் உருளைக்கிழங்கு விளைவித்தே தீருவேன் என்று நிற்கும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. உறைபனியிலிருந்து கிழங்கைக் காப்பாற்றப் போராடும் காட்சிக்காகவே பார்க்கலாம். 'புஷர்' இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்தான் வேண்டும் என்பவர்கள் 'ஹானிபல்' முதல் பருவத்தை முடித்த கையோடு 'தி க்ரீன் புச்சர்ஸ்' போடலாம், சாப்பிட்ட பிறகு.

சப்டைட்டில் பற்றி: குழந்தைகள் படத்தைத் தவிர வெளிநாட்டுப் படம் எதையும் டென்மார்க்கில் டப் செய்வதில்லை, அவர்களே படித்துக்கொண்டேதான் பார்க்கிறார்கள். இங்கிலீஷ் டப்பிங்கில் போட்டால் மேட்ஸின் குரல் போய்விடும். டேனிஷில் பேசும்போது அவர் முணுமுணுப்பார், பாதியில் நிறுத்துவார், வார்த்தையை விழுங்குவார். ஆங்கிலப் படங்களில் இதில் பாதிகூடக் கேட்காது.